பனியன் கம்பெனிப் பேச்சும் வட்டார வழக்கு ஆய்வும்: திருப்பூரை முன்வைத்து ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் ஆய்வுலகில் ‘கொங்கு வட்டார வழக்கு’ என்பது பெரிதும் வேளாண் வாழ்வோடும் நாவல் உரையாடலோடும் பிணைத்தே அறியப்படுகிறது. அந்நிலப்பகுதியின் நடுவில் அமைந்த திருப்பூரில், பின்னலாடைத் தொழிலைச் சூழ்ந்து உருவாகியுள்ள பேச்சு வட்டார வழக்காகவும் ஏற்கப்படுவதில்லை, பொதுத்தமிழாகவும் மதிக்கப்படுவதில்லை. அது ‘பிறமொழிக் கலப்பு’ என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகிறது. இவ்வொதுக்கலுக்கான காரணங்களை உரையாசிரியர் மரபு, வட்டார நாவலின் வடிவம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப்பகுப்பு ஆகியவற்றில் இக்கட்டுரை தேடுகிறது.

திறவுச்சொற்கள்: கொங்குத் தமிழ், திருப்பூர், திசைச்சொல், வட்டார வழக்கு, தரப்பேச்சு, தாய்மொழிக் கணக்கெடுப்பு, பஞ்சப்படி

முன்னுரை

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் அதனைக் குறிப்பர். அவர் பிறந்த கீரனூர், தாராபுரம் பகுதியைச் சேர்ந்த சிற்றூர். கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009இல் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது தாராபுரமும் அதனுள் வந்தது. தமிழ் நாவலில் வட்டாரப் பேச்சு முதன்முதலில் ஊன்றி ஒலித்த மண்ணும், உலகச் சந்தைக்குப் பனியன் தைத்து அனுப்பும் மண்ணும் இன்று ஒரே மாவட்டமாக உள்ளன. ஆயினும் இவ்விரண்டும் நம் ஆய்வேடுகளில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

கொங்கு வழக்கை ஆராயும் ஏடுகளின் பொதுவான அமைப்பை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். நாவல்களைப் படித்து, உறவுப்பெயர், வேளாண் கருவி, உணவு, வழிபாடு, வசைச்சொல், பழமொழி எனப் பகுத்துச் சொற்கள் அடுக்கப்படும். ‘ஒறம்பரை’, ‘கட்டுத்தரை’, ‘நோம்பி’, ‘அப்புச்சி’, ‘நங்கை’ ஆகியன தவறாமல் இடம்பெறும். இறுதி இயலுக்கு முன்னர் ‘பிறமொழிக் கலப்பு’ என்றொரு பட்டியல் வரும். ‘கம்பெனி’, ‘ஷிப்டு’, ‘டைலர்’ போன்ற சொற்கள் எங்கேனும் தட்டுப்பட்டால் அவை அங்குப் போய்ச் சேரும். ஒரு நாளின் பன்னிரண்டு மணி நேரத்தை அச்சொற்களுக்குள் கழிக்கும் மனிதருடைய பேச்சு, அவருடைய வட்டாரத்தின் பேச்சாக ஆவதில்லை. மாணவர்மீது குற்றமில்லை, இவ்வமைப்பை அவர்களுக்கு வழங்கியவர்கள் நெறியாளர்களாகிய நாமே.

கருவூருக்கு மேற்கே

வழக்குகளை நிலத்தின்மேல் வரையும் பழக்கம் நம்மிடம் தொன்மையானது. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கி, திசைச்சொல்லைச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களோடு தொடர்புபடுத்தியது. அந்நிலங்கள் எவை எனப் பெயர் சொன்னவர்கள் உரையாசிரியர்களே. வையையாற்றுக்கு வடக்கும், மருதயாற்றுக்குத் தெற்கும், கருவூருக்குக் கிழக்கும், மருவூருக்கு மேற்கும் செந்தமிழ் நிலம் என்பது அவர்கள் வகுத்த எல்லை. இவ்வெல்லைப்படி, கருவூருக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் திருப்பூர் செந்தமிழ் நிலத்துக்குப் புறம்பானது. தெய்வச்சிலையார் இவ்வெல்லையை ஏற்காமல், வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் செந்தமிழ் நிலமாகக் கொண்டார். ‘எது தரமான தமிழ்’ என்னும் வினா நம் மரபிலேயே முடிந்த முடிபாக இருந்ததில்லை என்பதற்கு இக்கருத்து வேறுபாடு ஒன்றே போதுமானது.

உரைகள் தரும் பன்னிரு நிலப் பட்டியலில் சீதநாடு ஒன்று. இதனைக் கோவை, நீலகிரிப் பகுதியாகக் கருதுவோர் உண்டு. சீதநாட்டுத் திசைச்சொற்களாக உரைமரபு காட்டும் ‘எலுவன்’ (தோழன்), ‘இகுளை’ (தோழி) ஆகிய இரண்டும் சங்கப் பாடல்களில் பயில்பவை. ஒரு மூலையின் பேச்சு என்று குறிக்கப்பட்ட சொல், செம்மையின் உச்சம் என்று நாம் போற்றும் பாடலுக்குள் தயக்கமின்றி அமர்ந்திருக்கிறது. திசைச்சொல்லைச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்ற இலக்கணம், அதனைப் பிழை என்று கூறவில்லை. பேச்சைக் ‘கொச்சை’ என்று இகழும் வழக்கத்துக்குத் தொல்காப்பியரைத் துணைக்கு அழைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அப்பட்டியலில் குட்டநாடும் குடநாடும் உள்ளன. இன்று அவை மலையாள நிலம். ஒரே பட்டியலில் திசைச்சொல் நிலங்களாக எண்ணப்பட்டவற்றுள் சில தனிமொழிக்கு உரியவையாயின. சீதநாடு ‘வட்டாரமாக’ நின்றது. ஒலி, உருபன் வேறுபாடுகள் மட்டும் இதனைத் தீர்மானிக்கவில்லை. எழுத்து, இலக்கியம், அரசு, பதினான்காம் நூற்றாண்டின் ‘லீலாதிலகம்’ போன்ற தனி இலக்கண முயற்சி ஆகியன சேர்ந்தே அங்கு ஒரு மொழியை நிறுவின. ஹெயின்ஸ் குளோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இயல்பான விலக்கத்தால் தனிமொழியாக நிற்பனவற்றையும், எழுத்தாக்கப் பணியால் தனிமொழியாக ஆக்கப்படுவனவற்றையும் பிரித்துக் காட்டினார். மலையாளத்தின் வரலாற்றில் இரண்டாவது கூறு மிகுதி. கொங்குக்கு அத்தகைய ஆக்கப்பணி நிகழவில்லை. அதற்கான வேட்கையும் எழவில்லை. கொங்குப் பேச்சை நிலைநாட்டிய பணி நாவலுக்கு விடப்பட்டது.

நாவலின் இரு குரல்

கணவனை இழந்த நாகம்மாள் தன் பங்கு நிலத்தைக் கேட்பதும், அக்கோரிக்கை கொழுந்தன் சின்னப்பனின் கொலையில் முடிவதும் ‘நாகம்மாள்’ நாவலின் கதை. இதில் மாந்தர் கொங்கில் பேசுகின்றனர். கதையைக் கூறும் குரலோ எழுத்துத்தமிழில் நின்று அவர்களைப் பார்க்கிறது. வட்டார நாவல் என்னும் வடிவத்தின் அடித்தளமே இப்பிரிவுதான். பேசுகிறவர் வட்டாரத்தார், விளக்குகிறவர் பொதுத்தமிழர். பின்வந்த கொங்கு நாவல்களில், பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) முதலானவற்றில், இவ்வெல்லை தளர்ந்தது. கதை கூறும் மொழிக்குள்ளும் வட்டாரச் சொல் பெருகியது. ஆனால் ஆய்வாளர் கை மட்டும் மேற்கோள் குறிக்குள் உள்ள பேச்சையே தேடிச் செல்கிறது.

இங்கு இரண்டு பிழைகள் நேர்கின்றன. நாவல் உரையாடல் என்பது ஆசிரியர் தம் செவியால் தேர்ந்து, வாசகருக்குப் புரியும் எல்லைக்குள் நிறுத்தி அமைத்த பேச்சு. அதனைக் களத்தில் பதிவுசெய்த தரவாகக் கொள்ள இயலாது. ‘என்னுடைய’ என்னும் பொருளில் கொங்கில் வழங்கும் வடிவத்தைச் சிலர் ‘என்ற’ எனவும் சிலர் ‘என்ர’ எனவும் எழுதுவர். முதல் வடிவத்தைப் படிக்கும் பிற வட்டாரத்தார் அதனை ‘என்று சொன்ன’ என்னும் பெயரெச்சமாக ஒலித்துத் தடுமாறுவர். யாழ்ப்பாணப் பேச்சிலும் இதனையொத்த வடிவம் உண்டு. எழுத்து காட்டாத ஒலியை எழுத்திலிருந்தே மீட்டெடுக்க முயலும் ஆய்வேடுகள் உச்சரிப்பைப் பற்றி என்ன கூற முடியும்? ஆயினும் ‘ஒலியனியல்’ என்றோர் இயல் அவற்றில் இருக்கவே செய்கிறது.

இரண்டாவது பிழை தேர்வில் உள்ளது. நிலம், கிணறு, ஆடு, பனை ஆகியன வரும் நாவல் வட்டார வழக்கு ஆய்வுக்கு எடுக்கப்படுகிறது. திருப்பூரின் சாயக்கழிவைப் பொருளாகக் கொண்ட சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) பெரும்பாலும் சூழலியல் நோக்கில் படிக்கப்படுகிறது. தொழில் நகரத்தைப் பற்றிய எழுத்தில் ‘சிக்கல்’ இருக்கலாம், ‘வழக்கு’ இருக்காது என்னும் எண்ணம் இதன் பின்னே உள்ளது. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ (2000) ஒரு தனிமனிதரின் பேருழைப்பு. அதன் மையம் வேளாண் வாழ்வு என்பதைக் குறையாகச் சொல்வது முறையன்று. ஒருவர் தம் மண்ணிலிருந்து திரட்டிய அகராதியைக் கொங்கு முழுவதற்குமான அளவுகோலாக எடுத்துக்கொண்டு, அதில் உள்ளதே வட்டாரச் சொல் என நாம் முடிவுகட்டியதே குறை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி கண்டபோது இவ்வகை முயற்சிக்கு முன்மாதிரி இல்லை. அவருடைய வீட்டுமொழி தெலுங்கு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. வட்டாரத் தமிழைத் தாங்கிப் பிடித்தவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவராகவே இருக்கவேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை.

தாய்மொழிக் கட்டம்

இவ்விதி இல்லை என்பதைத் திருப்பூரைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் அரிது. தேவாங்கர் நெசவாளர் வீடுகளில் கன்னடமும், கம்மவார், தொட்டிய நாயக்கர் வீடுகளில் தெலுங்கும் பேசப்படுகின்றன. அருந்ததியர் பலர்க்கும் தெலுங்கே வீட்டுமொழி. இவர்கள் அனைவரும் தெருவில் பேசுவது கொங்குத் தமிழ். உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் மலசர், முதுவர், புலையர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். பன்னாட்டு மொழிக்குறியீட்டுப் பட்டியலில் மலசர் பேச்சுக்கும் முதுவர் பேச்சுக்கும் தனித்தனி மொழிக்குறியீடு உண்டு. கொங்குக்கு இல்லை. சில ஆயிரவர் பேசுவது மொழியாகவும், பல இலட்சத்தவர் பேசுவது வழக்காகவும் எண்ணப்படுவதில் முரண் ஏதுமில்லை. எண்ணிக்கைக்கும் மொழித்தகுதிக்கும் தொடர்பில்லை என்பதே இதன் பொருள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு கணக்கைச் சொல்கிறது. 2011இல் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக்கி, இறுதியில் 22 அட்டவணை மொழிகள், 99 பிற மொழிகள் என 121 மொழிகளாகத் தொகுத்தனர். அனைத்திந்திய அளவில் 10,000 பேரை எட்டாத தாய்மொழிக்குத் தனி வரி கிடையாது. அது ‘பிற’ என்பதில் கரைந்துவிடும். தமிழ் என்னும் தலைப்பின்கீழ்த் தமிழைத் தவிரப் பெயர் சுட்டப்பட்ட தாய்மொழிகள் இருளர் மொழி, கைகாடி, கொரவ, எருகல ஆகியனவே. கொங்கோ நெல்லையோ அங்கு இல்லை.

இந்நான்கு பெயர்களும் எங்கிருந்து வந்தன? கிரியர்சன் தலைமையில் நிகழ்ந்த இந்திய மொழியியல் அளவீட்டின் நான்காம் தொகுதி, ஸ்டென் கோனோவின் உழைப்பில், 1906இல் வெளிவந்தது. தமிழின் கிளைவழக்குகளாக அது கொரவ அல்லது எருகல, இருளம், கசுவம், கைகாடி, புர்கண்டி ஆகியவற்றைக் காட்டியது. அந்த அளவீடு சென்னை மாகாணத்துக்குள் நடத்தப்படவே இல்லை. தமிழ் நிலத்தில் கால் வைக்காத ஓர் அளவீட்டின் பட்டியலோடு நூறாண்டுக்குப் பிந்திய அரசுக் கணக்கு இவ்வளவு ஒத்துப்போவது சிந்திக்கத்தக்கது. இதற்கிடையே 1968இல் டிஃப்லோத், 1973 முதல் கமில் சுவலபில் ஆகியோர் இருள மொழியை விரிவாக ஆராய்ந்து, தமிழுக்கு நெருங்கிய உறவுடைய தனிமொழியாகவே அதனை விளக்கினர். கணக்கெடுப்பு அதனைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதே கட்டத்துக்குள் இன்று பின்னலாடைத் தொழிலாளரின் தங்குமிடங்களும் வந்து சேர்ந்துள்ளன. பீகாரிலிருந்து வந்தவர்களைத் திருப்பூர் ‘இந்திக்காரங்க’ என ஒரே சொல்லால் அழைக்கிறது. அவர்களுள் மைதிலி பேசுபவருடைய மொழி, 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் போஜ்புரிக்காரரின் மொழி, ஐந்து கோடிப் பேருக்கு மேல் பேசியும், கணக்கெடுப்பில் இந்தியின்கீழ் ஒரு வரியாகவே உள்ளது. கூட்டல் கழித்தலுக்குள் அரசியல் எவ்வாறு நுழைகிறது என்பதற்கு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு தங்குமிடத்தின் வருகைப் பதிவேடு போதும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசுவது மாவட்ட நிர்வாகத்தின் உடனடித் தேவையாயிற்று. மொழிப்பெயர்களைப் பற்றிய நம் அசட்டை அத்தகைய நாள்களில்தான் வெளித்தெரிகிறது.

‘ங்’ என்னும் ஈறு

கொங்குப் பேச்சின் அடையாளமாக எவரும் முதலில் சுட்டுவது ‘ங்’ என்னும் மரியாதை ஈறு. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ எனப் பிற வட்டாரங்களில் வினையோடு நின்றுவிடுவது, கொங்கில் எச்சொல்லோடும் ஒட்டும்: ‘ஏனுங்’, ‘ஆமாங்’, ‘இல்லீங்’, ‘அதுங்’. ‘அண்ணா’ என்னும் விளி இதனோடு இணைந்து ‘ங்ணா’ ஆகிவிடும். திரைப்படம் இதனை நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டது. ‘சதிலீலாவதி’ (1995) படத்தில் கோவை சரளாவும் கமல்ஹாசனும் பேசிய கொங்கு தமிழகம் முழுவதும் அறிமுகமானது. உள்ளூர்ப் பெருமிதமோ இதனை ‘மரியாதைத் தமிழ்’ என்கிறது. இப்பெருமிதத்தை ஆய்வுரைகள் அப்படியே வழிமொழிவதுதான் ஏற்கத்தக்கதன்று.

மரியாதை யாருக்கு யார் தந்தது? வேளாண் உறவில் ‘ங்’ ஒருவழிப் பாதை. ‘பண்ணாடி’ என்றும் ‘சாமி’ என்றும் விளித்து ‘ங்’ சேர்த்துப் பேசியவருக்குத் திரும்பக் கிடைத்தது ‘டா’. வயதில் மூத்த பண்ணையாள் சிறுவனுக்கு ‘ங்’ போட, சிறுவன் அவரைப் பெயர் சொல்லி அழைத்தான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ படித்தோர்க்கு, ஒரே வழக்கு மேலிருந்தும் கீழிருந்தும் எவ்வளவு வேறாக ஒலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘கொங்கு வழக்கு’ என ஒருமையில் பேசும்போது, இவற்றுள் எந்தக் குரலைக் குறிக்கிறோம்?

திருப்பூரில் இவ்வீறுக்கு வேறொரு வாழ்வு அமைந்தது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல், நிலத்திலிருந்து வந்து தொழிலாளராகி, பின்னர் முதலாளியான கவுண்டர்கள் தம் உயர்வை ‘உழைப்பு’ என்னும் ஒரே சொல்லால் விளக்கியதை விரிவாக ஆராய்கிறது. அச்சொல்லோடு தோட்டத்தின் விளிமுறைகளும் கம்பெனிக்குள் வந்தன என்பது என் கருத்து. ஆனால் அங்கு எதிரே நின்றவர் பழைய பண்ணையாள் அல்லர். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த தையல்காரர், இம்முதலாளியின் ஊர்ப்படிநிலையில் தமக்கு எந்த இடமும் இல்லாதவர். சம்பளம் சரியில்லையெனில் மறுவாரம் அடுத்த கம்பெனிக்குச் செல்பவர். அவரிடம் முதலாளியும் ‘ங்’ சேர்க்க வேண்டியதாயிற்று. வந்தவரும் சில மாதங்களில் ‘ங்’ பழகினார். சாதி உறவில் ஒருவழியாக இருந்த ஈறு, கூலிச் சந்தையில் இருவழியாயிற்று. இது முற்றிலும் நிறைவேறிவிட்டது எனக் கூறவில்லை. எந்தத் துறையில், யாரிடம், எந்தப் பாலினத்தாரிடம் நிறைவேறவில்லை என்பதே களத்தில் கேட்கவேண்டிய வினா. உதவியாளராக நிற்கும் பெண்ணுக்கு ‘ங்’ கிடைக்கிறதா? அந்த வினாவை எழுப்புவதற்கு நம் பட்டியல்களில் இடமில்லை.

பஞ்சப்படியும் கைமடியும்

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘பனியன்’ என்னும் சொல்லே ஒரு நீண்ட வழிப்போக்கன். வணிகரைக் குறித்த குஜராத்திச் சொல் போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாயில் திரிந்து, அவ்வணிகர் அணிந்த தளர்ந்த ஆடைக்கு ஆகி, பின் உள்ளாடைக்கு வந்தது. வடமொழி ‘வணிஜ்’ அதன் மூலம். நம் ‘வணிகன்’ அதற்கு உறவு. ‘கம்பெனி’ என்பது இங்குப் பதிவுபெற்ற நிறுவனம் என்னும் பொருளில் வழங்குவதில்லை. வீட்டின் பின்கட்டில் நான்கு தையல் எந்திரம் ஓடினாலும் அது கம்பெனிதான்; ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். ‘ஷிப்டு’ நேரத்தை அளப்பதோடு கூலியையும் அளக்கிறது. எட்டு மணி ஒரு ஷிப்டு. பன்னிரண்டு மணி ‘ஒண்ணரை ஷிப்டு’. வாரக் கூலி ஷிப்டுக் கணக்கில் எண்ணப்படுவதால், மரக்காலும் படியும் வேளாண் கூலிக்கு எவ்வாறோ அவ்வாறே இங்கு ஷிப்டு. முகத்தலளவைப் பெயர்களைத் தனி இயலில் ஆராயும் நாம் இதனைக் கலப்பு என்று தள்ளுகிறோம்.

வேலைப் பிரிவுகளின் பெயர்களைப் பாருங்கள். கட்டிங், ஓவர்லாக், சிங்கர், அயர்ன், செக்கிங், பேக்கிங் ஆகியன ஒருபுறம். கைமடி, அடுக்கிக்கட்டுதல், சாயப்பட்டறை ஆகியன மறுபுறம். ஊதிய ஒப்பந்தப் பேச்சுகளில் இவை அருகருகே நிற்கின்றன. எந்திரத்தோடும் திறனோடும் இணைந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர். கையால் செய்யும், கூலி குறைந்த வேலைக்குத் தமிழ்ப் பெயர். ‘கைமடி’ என்பது தையலுக்கு வசதியாகத் துணியைக் கையால் மடித்துத் தரும் உதவியாளர் வேலை. வேலையின் பெயரே ஆளுக்கும் ஆகிவந்தது. எவ்வளவு செறிவான தொகைச்சொல்! எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கூடி உருவாக்கியதன்று. தூய்மை நோக்கில் ‘கலப்பு’ என்னும் ஒற்றைச் சொல்லால் இப்பட்டியலைக் கடந்துபோவோர், மொழித்தேர்வுக்குள் கூலிப்படிநிலை ஒளிந்திருப்பதைக் காணத் தவறுகின்றனர்.

‘பஞ்சப்படி’ இன்னும் கூர்மையான சான்று. விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரப்படும் தொகையை அரசு ஆவணம் ‘அகவிலைப்படி’ என்கிறது. தொழிற்சங்க வழக்கு ‘பஞ்சப்படி’. முதலாவது விலையைப் பேசுகிறது. இரண்டாவது வயிற்றைப் பேசுகிறது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இச்சொல் திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. அதனால் ‘வட்டாரச் சொல்’ எனக் கொள்ள இயலாது என்பர். எழுத்துத்தமிழின் தரச்சொல்லும் அன்று. ஆயினும், ஒரு நகரம் நான்கு மாதத்துக்கு மேல் தன் வாயில் வைத்திருந்த சொல்லுக்கு அந்நகரத்தின் மொழியாய்வில் இடமில்லையெனில், ‘வட்டாரத்துக்கே உரியது’ என்னும் நம் அளவுகோல் எதனை அளக்கிறது? அரிய சொல்லை மட்டும் அது பொறுக்குகிறது. புழங்கும் சொல்லை விட்டுவிடுகிறது. அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும் அளவுகோல் பேச்சுக்குப் பொருந்துவதில்லை.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கைத் தமிழுக்குத் தனிக்குறியீடு தந்து, தமிழகத்து வட்டாரங்கள் அனைத்தையும் ‘வட்டார வழக்கு’ என்னும் ஒரே குறியீட்டுக்குள் அடக்கியது. எந்த வட்டாரம் என்பதை அக்குறியீடு சொல்வதில்லை. பொது அகராதிக்கு அது போதும். ஆனால், தொழில்சார் வழக்கு, இடப்பெயர்வால் உண்டான வழக்கு ஆகியவற்றை வட்டாரத்திலிருந்து பிரித்தறியும் குறியீட்டு முறையை வகுப்பது ஆய்வுலகின் கடமையாக எஞ்சியுள்ளது.

தரப்பேச்சு எங்கே உருவாகிறது?

ஹெரால்ட் ஷிஃப்மன் 1998இல் எழுதிய கட்டுரையில், தமிழுக்கு எழுத்துத்தரம் ஒன்று நெடுங்காலமாக இருக்க, பேச்சுக்கும் தனியே ஒரு தரம் உருவாகி வருவதை எடுத்துக்காட்டினார். அரசோ கழகமோ அதனை உருவாக்கவில்லை. திரைப்படம், வானொலி, பல வட்டாரத்தார் கூடும் கல்விக்கூடம் ஆகியவற்றின் வழியே, படித்த பிராமணரல்லாதாரின் பேச்சை ஒட்டி அது உருவாயிற்று என்பது அவர் கருத்து. பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டைவழக்குக் கோட்பாட்டை மேல்வழக்கு, கீழ்வழக்கு என இரண்டோடு நிறுத்திக்கொண்ட தமிழாய்வுகளுக்கு இது தேவையான திருத்தம். எனினும் ‘படித்தோர்’ என்னும் வரையறை திருப்பூரில் நிற்குமா? பல வட்டாரத்தார் நாள்தோறும் நெருங்கிப் பேசி, ஒருவருக்கொருவர் புரியும்பொருட்டுத் தம் ஒலியை மாற்றிக்கொள்ளும் இடம் கல்லூரி விடுதி மட்டும் அன்று. மேசையின் ஒரு புறம் மதுரைக்காரரும் மறுபுறம் பல்லடத்துக்காரரும் அமர்ந்து தைக்கும் கம்பெனியும் அத்தகையதே. பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தியவர்கள் உருவாக்கும் பொதுப்பேச்சு ஒன்று உண்டா, அது திரைப்படப் பொதுப்பேச்சோடு எங்கு ஒன்றி எங்கு விலகுகிறது என்பதைக் களப்பணி இன்றிக் கூற முடியாது.

களப்பணிக்கும் ஒரு தடை இருக்கிறது. மரபான வழக்கியல் கையேடுகள் தகவலாளராகத் தேர்வது, அவ்வூரிலேயே பிறந்து, வெளியூர் வாழ்வு அறியாத, வயது முதிர்ந்த, நாட்டுப்புற ஆணை. சேம்பர்ஸும் டிரட்கிலும் 1980இல் இத்தேர்வை விமர்சித்தனர். நம் பல்கலைக்கழக வினாநிரல்கள் பலவற்றில் அம்முதியவரே இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ‘கட்டுத்தரை’ கேட்டு எழுதிக்கொள்ளும் ஆய்வாளர் எழுந்து பேருந்து நிறுத்தத்துக்கு வரும்போது, கம்பெனி இடைவேளையில் தேநீர்க் கடை முன் நிற்கும் ஒடிசா இளைஞர் ‘ரெண்டு டீங்ணா’ என்று கேட்பது அவர் காதில் விழக்கூடும். பேசியவரின் தாய்மொழி ஒடியா, ‘ரெண்டு’ பொதுப்பேச்சு, ‘டீ’ பிறமொழிச்சொல், ஈறு கொங்கு. ஆய்வேட்டின் எந்த இயலில் அவர் இத்தொடரை எழுதுவார்?